காக்கி உடையும் அமானிதமும்

வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தில் வாழும் நம் சமுதாய மக்களுக்கு ஜவ்வாது மலை புதியதன்று. பாலாற்றுச் சமவெளியில் நின்று தெற்கே நோக்கினால், நீல நிறத்தில் நீண்டு கிடக்கும் மலைத்தொடர் அது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான அம்மலை, இன்று திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியுள்ளது. ஜமுனாமரத்தூர் அதன் தலைமை ஊர். அங்கு வாழ்வோரிற் பெரும்பாலோர் 'மலையாளி' எனப்படும் பழங்குடியினர். கேரள மக்களைக் குறிக்கும் சொல்லன்று இது. மலையை ஆள்வோர் என்ற பொருளில் வழங்கும் பெயர். அவர்கள் தாய்மொழி தமிழே.

தோல் பதனிடும் தொழிலில் கடுக்காயும் ஆவாரம் பட்டையும் இன்றியமையாத பொருள்களாக இருந்த காலம் ஒன்றுண்டு. கீழே தோல் ஷாப்புகளில் நம்மவர் உழைத்தனர்; மேலே காட்டில் அம்மக்கள் கடுக்காய் பொறுக்கினர். மலைக்கும் சமவெளிக்கும் இவ்வாறு தொழிலால் ஓர் உறவு இருந்தது. இவ்விரு சாராரையும் இணைக்கும் இன்னொன்றும் உண்டு. அது காக்கி உடையைக் கண்டால் தோன்றும் தயக்கம். மலைவாழ் மனிதர் வனக் காவலரைக் கண்டு ஒதுங்கினார். நம் வீட்டுப் பெரியவர்களோ, "போலீஸ் நிலையப் படி ஏறாதிருப்பதே மானம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தனர்.

இந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது? காக்கித் துணியிலா அச்சம் இருக்கிறது? அல்லது அத்துணியை அணிந்தவருக்கு அதிகாரம் தந்த சட்டத்தில் இருக்கிறதா? சீருடைப் பணிகளைப் பற்றி ஆராயப் புகுவோர் முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி இதுவே. இதற்கு விடை காண ஜவ்வாது மலையைப் போன்ற பாடநூல் வேறில்லை.

காடு அரசுடைமையானபோது

1882-ஆம் ஆண்டில் சென்னை வனச் சட்டம் பிறந்தது. இன்று 'தமிழ்நாடு வனச் சட்டம்' என்ற பெயரில் அது வழங்குகிறது. காப்புக்காடு என்று அறிவிக்கப்பட்ட நிலத்தில் அனுமதியின்றி நுழைவதும், மாடு மேய்ப்பதும், மரம் வெட்டுவதும் அச்சட்டப்படி குற்றமாயின. பாட்டன் காலந்தொட்டு விறகு பொறுக்கிய மனிதர் ஒரே கையெழுத்தில் குற்றவாளியாக்கப்பட்டார். அவரைத் தடுத்து நிறுத்தவும், பிடிக்கவும், வழக்குத் தொடுக்கவும் ஓர் உடை தேவைப்பட்டது. வனத்துறைச் சீருடையின் அதிகாரம் இங்கிருந்தே தொடங்கியது.

ஜவ்வாது மலை சந்தனத்திற்குப் பெயர் பெற்றது. திருப்பத்தூரிலுள்ள அரசுச் சந்தனக் கிடங்கு அதற்குச் சான்று. மைசூரில் திப்பு சுல்தான் 1792-ஆம் ஆண்டிலேயே சந்தன மரத்தை அரசுக்கு உரியதாக அறிவித்தார் என்பர். வெள்ளையர் ஆட்சியும் அவ்வழக்கத்தைத் தொடர்ந்தது. வீட்டு வாசலில் வளரும் மரமும் தனக்கு உரியதன்று என்ற நிலையில், அதைப் பேணும் அக்கறை மக்களுக்கு எவ்வாறு வரும்? காப்பவர் காட்டுக்குள் வெளியாராகவும், காட்டுக்குள் வாழ்பவர் சந்தேகத்திற்கு உரியவராகவும் ஆயினர். சந்தனம் அருகியது; அதன் தரகர்களோ மறையவில்லை.

இரண்டு நாள்கள்

ஜவ்வாது மலைக்குத் தென்மேற்கே, தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்ற சிற்றூர் உள்ளது. 1992 ஜூன் 20-ஆம் நாள், கடத்தல் சந்தனக் கட்டையைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்று துறையினரும் அவ்வூருக்குள் புகுந்தனர். ஊர் சூறையாடப்பட்டது. பதினெட்டுப் பெண்கள் பாலியல் கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர் 269 பேர். வழக்கு முடிவதற்குள் அவர்களுள் 54 பேர் இறந்தனர். 2011 செப்டம்பர் 29-ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம் எஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29-ஆம் நாள் அத்தீர்ப்பை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. நீதி கிடைத்தது, ஆனால் அதற்கு முப்பத்தொரு ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது நாள், 2015 ஏப்ரல் 7. ஆந்திர மாநிலம் திருப்பதிக்கு அருகே, சேஷாசலக் காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் தமிழகத் தொழிலாளர் 20 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தினர்; ஜவ்வாது மலைச் சிற்றூர்களைச் சேர்ந்தோரும் அவர்களுள் இருந்தனர். மழையை நம்பிச் சாமை விதைக்கும் வீடுகளிலிருந்து, மரம் வெட்டும் கைத்திறன் ஒன்றையே முதலாகக் கொண்டு, தரகர் காட்டிய கூலியை நம்பிச் சென்றவர்கள் அவர்கள். தற்காப்புக்காகவே சுட்டோம் என்றது படை. அவர்களுட் சிலர் முன்னதாகவே பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டு செல்லப்பட்டனர் என்று உயிர் தப்பியோர் கூறினர். தேசிய மனித உரிமை ஆணையம் இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் பரிந்துரைத்தது. கடல் கடந்து செம்மரத்தை விற்றுக் கொழுத்தவர் எவரும் அந்தக் காட்டில் விழவில்லை. கூலிக்குக் கோடரி பிடித்தவனே விழுந்தான்.

நடுநிலையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே சேஷாசலக் காட்டில், 2013 டிசம்பர் மாதத்தில், வன அதிகாரிகள் இருவர் கடத்தற்காரர்களால் கொல்லப்பட்டனர். அவர்களும் மனைவி மக்கள் உடையவர்களே. சீருடை அணிந்தவர் யாவரும் கொடியவர் என்று கூறுவது அநீதியாகும். எனினும், ஒருபுறம் வறுமையையும் மறுபுறம் துப்பாக்கியையும் வைத்துவிட்டு, இடையில் வேலைவாய்ப்பையும் உரிமையையும் வைக்க மறந்த அரசுக் கொள்கை இரு தரப்பினரையும் பலி கொண்டது என்பதை மறுப்பதற்கில்லை.

சட்டைப் பையில் ஒரு பெயர்ப் பலகை

விதிகளால் வளைந்ததை விதிகளாலேயே நிமிர்த்தவும் இயலும். வரலாற்றில் அதற்குச் சான்றுகள் உள்ளன. 1855-ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. வரி வசூலிப்போர் கையிலேயே காவல் அதிகாரமும் இருந்ததால் குடியானவர் பட்ட துன்பங்களை அது அம்பலப்படுத்தியது. அதன் விளைவாக, 1859-ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்தில் வருவாய்த்துறையினின்றும் பிரிந்த காவல் படை உருவாயிற்று. இரண்டாண்டு கழித்து, 1861-இல், இந்தியா முழுமைக்குமான காவல் சட்டம் வந்தது. 1857 கிளர்ச்சியின் அச்சம் நீங்காத நிலையில் இயற்றப்பட்ட சட்டம் அது. ஆகவே மக்களுக்குப் பணி செய்வதைவிட ஆட்சிக்கு அடங்கி நடப்பதே அதில் முதன்மை பெற்றது.

விடுதலைக்குப் பின்னும் இந்நிலை எளிதில் மாறவில்லை. 1996-ஆம் ஆண்டு டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், கைது செய்யும் காவலர் தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் பட்டையை அணிந்திருக்க வேண்டும் என்றும், கைது செய்தியை உறவினர்க்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. காவலரின் சட்டைப் பையின் மேல் நாம் காணும் சிறிய பெயர்ப் பலகை அழகுக்காக வைத்ததன்று. "என் செயலுக்கு நானே பொறுப்பு" என்று சட்டம் அவர் மார்பில் எழுதிவைத்த வாசகம் அது.

2006 செப்டம்பர் 22-ஆம் நாள், பிரகாஷ் சிங் வழக்கில், காவல்துறையைச் சீர்திருத்த ஏழு கட்டளைகளை உச்ச நீதிமன்றம் பிறப்பித்தது. காவலர் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மாநில அளவில் ஓய்வு பெற்ற நீதிபதி அதற்குத் தலைமை ஏற்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் கருத்து. தமிழ்நாட்டின் 2013-ஆம் ஆண்டுக் காவல் சீர்திருத்தச் சட்டமோ உள்துறைச் செயலாளரைத் தலைவராக வைத்தது. துறையை நடத்துவோரே துறையின் மீதான புகாரையும் விசாரிப்பதா என்று சட்ட அறிஞர்கள் கேட்டனர். பார்ப்பதற்கு இது ஒரு வரி வேறுபாடு. ஆனால் அந்த ஒரு வரியே ஏழையின் முறையீடு எங்குப் போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிக்கிறது.

2014 செப்டம்பர் மாதத்தில், காவலர் சுட்டு எவரேனும் இறந்தால் வழக்குப் பதிவும், சார்பற்ற புலன் விசாரணையும், நீதித்துறை நடுவர் விசாரணையும் கட்டாயம் என உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. அதற்குப் பின் ஏழு மாதம் நிறையுமுன்பே சேஷாசலத் துயரம் நிகழ்ந்தது. விதி எழுதப்படுவதோடு கடமை முடிவதில்லை. அதைக் கற்றவர், கடைப்பிடிப்பவர், கேள்வி கேட்பவர் என மூவரும் வேண்டும்.

இக்கருத்து முஸ்லிம்களுக்குப் புதியதன்று. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹஜ்ஜுக் காலத்தில் தம் ஆளுநர்களை மக்காவுக்கு வரவழைத்து, அவர்கள் முன்னிலையிலேயே மக்களின் குறைகளைக் கேட்டார்கள் என்பது வரலாறு. அதிகாரம் என்பது அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். அதற்குக் கணக்குக் கேட்கப்படும் என்பது நம் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நிர்வாக விதியாக்கிக் காட்டியவர் உமர் (ரலி) அவர்கள்.

அஞ்சியவர் கையில் அதே உடை

இப்போது மலைக்குத் திரும்புவோம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோர் வழிவழியாக உழும் நிலத்திற்கும் பொறுக்கும் விளைபொருளுக்கும் உரிமை உண்டு என ஏற்றது. அவ்வுரிமையைப் பரிசீலிக்கும் முதற்படியைக் கிராம சபையிடம் கொடுத்தது. 1882-ஆம் ஆண்டின் சட்டம் எவரைக் குற்றவாளியாகப் பார்த்ததோ, அவரை 2006-ஆம் ஆண்டின் சட்டம் உரியவராகப் பார்த்தது.

வேலைவாய்ப்பிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் 2024-ஆம் ஆண்டுத் தொகுதி நான்கு தேர்வு அறிவிப்பில், வனக் காவலர் பணிகளுள் பழங்குடியின இளைஞர்க்கெனத் தனியிடங்கள் இடம் பெற்றன. காக்கியைக் கண்டு அஞ்சி ஒதுங்கிய குடும்பத்தின் பிள்ளையே காக்கி அணிந்து தன் காட்டைக் காக்கும் வாய்ப்பு இது. எந்த மரம் எந்தப் பருவத்தில் பூக்கும், எந்தப் பாதையில் யானை வரும் என்று அறிந்தவன் கையில் காவல் இருப்பது காட்டுக்கும் நன்மை, மக்களுக்கும் நன்மை.

காவலர் தேர்வின் அளவுகோலிலும் கொள்கையின் கைவண்ணம் தெரியும். இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு ஆண்கள் 170 சென்டிமீட்டர் உயரமும் பெண்கள் 159 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கு இது முறையே 167, 157 எனத் தளர்த்தப்பட்டுள்ளது. மூன்று சென்டிமீட்டரில் ஒரு குடும்பத்தின் தலைவிதி மாறக்கூடும் அன்றோ!

நம் வீட்டு நிலை என்ன?

மலைவாழ் மக்களுக்குச் சொன்னது நமக்கும் பொருந்தும். 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, நாட்டு மக்கள் தொகையில் 13.4 விழுக்காடாக இருந்த முஸ்லிம்கள் இந்தியக் காவல் பணியில் 4 விழுக்காடே இருந்தனர் என்று எடுத்துக்காட்டியது. தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வழங்கப்பட்டது. மாநிலக் காவல்துறை, சிறைத்துறை, தீயணைப்புத் துறை ஆகியவற்றின் பணிகளுக்கும் அது பொருந்தும். இந்த வாயில் திறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் நம் இல்லங்களில் எத்தனை பெற்றோர்க்கு இது தெரியும்? வெளிநாட்டு விசாவைப் பற்றிப் பேசும் அளவுக்குக் காவலர் தேர்வு அறிவிப்பைப் பற்றி நாம் பேசுகிறோமா?

பாலாற்றங்கரை ஊர்களில் உருது பேசும் குடும்பங்கள் கருத்திற் கொள்ள வேண்டிய ஒன்றுண்டு. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் 2022-ஆம் ஆண்டு முதல் நடத்திய இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுகளில் தமிழ்மொழித் தகுதித் தேர்வு கட்டாயமாயிற்று. 80 மதிப்பெண்ணுக்குக் குறைந்தது 32 பெறாதவரின் முதன்மைத் தேர்வு விடைத்தாள் கணக்கில் கொள்ளப்படாது. அதன்பின் முதன்மைத் தேர்வுக்கு 70, உடற்திறனுக்கு 24, தேசிய மாணவர் படை போன்ற சிறப்புத் தகுதிகளுக்கு 6 என 100 மதிப்பெண். தமிழ்வழியிற் படித்தோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமையும் உண்டு. இக்கொள்கையை முறையிட்டுக் கொண்டிருப்பதைவிட, உருதுவழிப் பள்ளிப் பிள்ளைகள் தமிழையும் பிழையற எழுதக் கற்பிப்பதே அறிவுடைமை. 1919-ஆம் ஆண்டிலேயே வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியை நிறுவிய முன்னோரின் வழித்தோன்றல்களுக்கு இது மலைப்பான செயலன்று. ஆண்டுதோறும் அறிவிப்பின் விதிகளைப் படித்து விளக்க ஜமாஅத்தில் ஒருவரும், விடியற்காலை ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் இளைஞர்களை மைதானத்திற்கு அழைத்துச் செல்ல ஒருவரும் போதும். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். இது ஒரே வாரத்தில் கைகூடுவதன்று. மாதக் கணக்கிற் பழக வேண்டும்.

தாடியும் தலைமறைப்பும்

"சீருடை அணிந்தால் மார்க்கத்தை விட நேருமே" என்று தயங்குவோர் உளர். மதுரையில் பணியாற்றிய முஸ்லிம் காவலர் ஒருவர், மக்கா சென்று திரும்பியபின் தாடி வைத்திருந்தார் என்பதும், நீட்டிப்பு விடுப்புக் கேட்டார் என்பதும் குற்றச்சாட்டுகளாகி, அவரது ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தத் தண்டனையை நீக்கியது. முஸ்லிம் காவலர்கள் பணியிலிருக்கும்போதும் சீரான தாடி வைத்திருக்க அனுமதிக்கும் 1957-ஆம் ஆண்டின் மெட்ராஸ் போலீஸ் கெஜட் ஆணையை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. ஆக, உரிமை அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஏட்டில் இருந்தது. அதைத் தேடி எடுத்து வாதாட ஒருவர் வேண்டியிருந்தது.

இதே கேள்விக்கு உத்தரப் பிரதேசத்தில் வேறு விடை கிடைத்தது. அங்குத் தாடி வைத்த காவலர் ஒருவரின் மனுவை அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. ஒரே மார்க்கம், ஒரே காக்கி. மாநில ஆணை வேறாகவே முடிவும் வேறாயிற்று. சீருடையை உருவாக்குவது துணியன்று, கொள்கை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

கடல் கடந்த நாடுகளிலும் இதுவே நிலை. லண்டன் மாநகரக் காவல்துறை 2001-ஆம் ஆண்டிலும், ஸ்காட்லாந்துக் காவல்துறை 2016-ஆம் ஆண்டிலும் முஸ்லிம் பெண் காவலர்கள் தலைமறைப்பை உடையின் பகுதியாக அணிய வழி செய்தன. முறைப்படி கேட்டதால், பேசியதால், எழுதிக் கொடுத்ததால் வந்த மாற்றங்கள் இவை.

நம் பெண்மக்களைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். 1973-ஆம் ஆண்டில் தமிழகக் காவல்துறையில் முதன்முதலாகப் பெண்கள் சேர்க்கப்பட்டபோது அவர்கள் எண்ணிக்கை 22 மட்டுமே. 1992-ஆம் ஆண்டில் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. குடும்பத் துன்பத்தோடு அங்குச் செல்லும் ஒரு முஸ்லிம் சகோதரிக்கு, தன் வாழ்க்கை முறையை விளங்கிக்கொள்ளும் ஒரு பெண் அதிகாரி எதிரே இருந்தால் எத்துணை ஆறுதல்! அந்த நாற்காலி நம் மகள் ஒருத்திக்கும் உரியதே.

கற்றுத் துணிவோம்

சீருடைப் பணி என்றால் ஓட்டமும் உயரம் தாண்டலும் மட்டுமே என்று எண்ண வேண்டா. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் ஒரு தனித் துறையாகவே கற்பிக்கப்படுகிறது. காவலர் எவ்வாறு தேர்வு பெறுகிறார், எத்தனை மணி நேரம் உழைக்கிறார், எந்த விதி அவரைக் கட்டுப்படுத்துகிறது என்பனவெல்லாம் ஆய்வுப் பொருள்கள். நம் மாணவருட் சிலர் பணியில் சேரட்டும். சிலர் அப்பணியை ஆராயட்டும். சிலர் வழக்கறிஞராகி நீதிமன்றத்தில் நிற்கட்டும். மூன்றும் சமுதாயத்திற்குத் தேவை.

ஒதுங்கி நிற்பதில் மானமில்லை. நாம் ஒதுங்கிய இடத்தில் விதிகள் நம்மை அறியாமலே எழுதப்படும். ஆயினும் உள்ளே செல்வோர் ஒன்றை மறத்தலாகாது. வாச்சாத்தியில் ஊரைச் சூறையாடியவர்களும் தேர்வு எழுதி, உறுதிமொழி கூறி, சீருடை பெற்றவர்களே. ஆகையால் நம் பிள்ளை காக்கி அணிவது பெருமையன்று. அணிந்தபின் ஏழையின் வாசலில் அவன் எவ்வாறு நிற்கிறான் என்பதே பெருமை. "நிய்யத்தைச் சரி செய்துகொள் மகனே" என்று சொல்லி அனுப்புவது தாயின் கடமை.

ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற மலையாளிப் பழங்குடிப் பெண், 2023 நவம்பரில், குழந்தை பெற்ற சில நாள்களிலேயே சென்னைக்குப் பயணம் செய்து சிவில் நீதிபதி தேர்வு எழுதினார். 2024-ஆம் ஆண்டில் தம் இருபத்துமூன்றாம் அகவையில் அத்தேர்வில் வெற்றி பெற்றார். அரசின் சாட்சிக் கூண்டில் நடுங்கி நின்ற மக்களின் குலத்திலிருந்து, அக்கூண்டின் எதிரே உயர்ந்த இருக்கைக்கு ஒருவர் ஏறிவிட்டார். மலை மேலிருந்து அவர் இறங்கி வந்த பாதை, மலையடிவாரத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கு எட்டாத தொலைவில் இல்லை.

நம் சந்ததியினர் நீதியின் காவலராக விளங்கவும், அவர்கள் கையில் ஒப்படைக்கப்படும் அதிகாரத்தை அமானிதமாகப் பேணவும் வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.